பள்ளிச் சுவரில் எழுதப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

நீ அனுப்பிய படங்களும் அளவும் வந்து சேர்ந்தன. மூன்று மாடிப் பள்ளி. முகப்பில் பெயர், மாடிப்படி, தாழ்வாரம், வகுப்பறை வாசல், பின்பக்க மதில் என்று மொத்த வேலையும் உன் கைக்கு வந்திருப்பதில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கல்யாணப் பத்திரிகையும் கடை போர்டும் செய்துகொண்டிருந்தவளுக்கு இது பெரிய வேலை. ஏசிபி ஷீட் போடலாமா, ஃப்ளெக்ஸ் போதுமா, பெயிண்டிலேயே முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, நீ ஏற்றும் எழுத்து அந்தச் சுவரில் எத்தனை வருஷம் இருக்கப் போகிறது என்பதைத்தான். பில் ஒரு நாளில் செட்டிலாகிவிடும். ஒன்றாம் வகுப்பில் சேருகிற பிள்ளை அதே சுவரைப் பன்னிரண்டு வருஷம் பார்க்கும். அத்தனை வருஷத்துக்கும் எழுதியவர்தான் பொறுப்பு.

சுவரில் எழுதுவது நம் திருவண்ணாமலைக்குப் புதிதல்ல. அண்ணாமலையார் கோயில் சுவர்களில் சோழர் காலம் தொட்டு எழுத்து இருக்கிறது. யார் என்ன கொடுத்தார்கள், எந்த நிலத்து நெல் எந்த விளக்குக்கு என்று ஊர்க் கணக்கு முழுவதும் கல்லில் நிற்கிறது. அந்தக் காலத்தில் சுவரெழுத்தை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்குத் திருமழபாடி வைத்தியநாதர் கோயில் நல்ல சாட்சி. முதலாம் ராஜராஜன் அங்கே விமானத்தைப் பிரித்துக் கட்ட உத்தரவிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. உன் பள்ளியிலும் அடிக்கல், திறப்பு விழாக் கல், நன்கொடையாளர் பெயர்ப் பலகை என்று பழைய எழுத்து நிச்சயம் இருக்கும். பட்டி பார்க்கும் ஆள் அதன் மேல் வெள்ளையை இழுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படமெடுத்துத் தலைமை ஆசிரியரிடம் கொடு. கல்லாக இருந்தால் அதன் மேல் பெயிண்ட் படவே கூடாது.

நிற்கும் காலத்தைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடச் சுவர் ஓவியங்களில் பாதி, பெயிண்ட் உரிவதற்கு முன்பே பொய்யாகிவிடுகின்றன. சூரியக் குடும்பப் படத்தில் ஒன்பதாவது கோளாக இருந்த புளூட்டோவை 2006இல் சர்வதேச வானியல் ஒன்றியம் குறுங்கோள் என்று வகைப்படுத்திவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ பள்ளிச் சுவர்களில் அது ஒன்பதாவதாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டு வரைபடமும் அப்படித்தான். 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிறந்தன. அடுத்த வருஷம் மயிலாடுதுறை வந்தது. 32 மாவட்டம் 38 ஆனது. நம் மாவட்டமே 1989இல்தான் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது. 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியும் ஆகிவிட்டது. நகராட்சிப் பள்ளி என்று எழுதிய ஒவ்வொரு பலகையும் இனி மாற வேண்டும்.

அதனால் மாறக்கூடியது எது, மாறாதது எது என்று முதலில் பிரித்துக்கொள். மாறக்கூடியதைக் கழற்றி மாட்டும் பலகையில் எழுது. நேராகச் சுவரில் போடுவது மாறாததாக இருக்கட்டும். இந்திய வரைபடம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் எல்லைக் கோட்டை அப்படியே பின்பற்று. கூகுளில் கிடைத்த படத்தைப் பெரிதாக்கி வரையாதே. நாட்டின் எல்லையைத் தவறாகக் காட்டும் வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் வருஷச் சட்டப்படி தண்டனைக்குரியது.

அடுத்தது வழி காட்டுவது. பள்ளியில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முகப்புப் பெயருக்கும் பொன்மொழிக்கும் உயிரைக் கொடுப்பார்கள். அலுவலகம் எங்கே, தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்பதை ஏ4 தாளில் அடித்து ஒட்டிவிடுவார்கள். சேர்க்கைக்கு வரும் தாயும் பிள்ளையும் தேடுவது அந்த ஏ4 தாளைத்தான்.

வழி காட்டும் கலையில் நம் ஊரை மிஞ்ச முடியாது, கண்ணு. இது பெருமைக்காகச் சொல்வதல்ல, நீ பார்த்துக் கற்க வேண்டியது. கோயிலுக்கு நான்கு திசையில் நான்கு கோபுரம். கிழக்கே 11 நிலை, 217 அடி உயரத்தில் ராஜகோபுரம். தெற்கே திருமஞ்சன கோபுரம். மேற்கே பேய் கோபுரம். வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். கூட்டத்தில் பிரிந்த குடும்பம் ஒன்று சேர இந்தப் பெயர்கள் போதும். “பே கோபுரத்துகிட்ட வந்துடு” என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் அதே ஏற்பாடுதான். கிழக்கே இந்திர லிங்கம், தென்கிழக்கே அக்னி, தெற்கே எமன், தென்மேற்கே நிருதி, மேற்கே வருணன், வடமேற்கே வாயு, வடக்கே குபேரன், வடகிழக்கே ஈசானியம். நடப்பவர் எவ்வளவு தூரம் வந்தார், இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை மைல்கல் பார்க்காமலே தெரிந்துகொள்கிறார். எங்கிருந்து திரும்பினாலும் கண்ணில் படும் மலை வேறு இருக்கிறது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று. திருப்பம் வரும் இடத்தில்தான் அடையாளம் வேண்டும். ஒவ்வொரு அடையாளத்துக்கும் வாயில் வரும்படி ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர்கள் ஒரு வரிசையில் அமைய வேண்டும். ‘ஏ பிளாக், பி பிளாக்’ என்று போடுவதைவிட, ஒவ்வொரு கட்டடத்துக்கும் இந்த மலையில் வளரும் மரம் ஒன்றின் பெயரை வைத்து, அதன் இலையை மூன்றடி உயரத்துக்கு வரைந்தால் எழுத்துத் தெரியாத பிள்ளையும் தன் கட்டடத்தைக் கண்டுபிடிக்கும். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கிற இடம் என்பதால் மரமே பொருத்தம். மலையடிவாரத்தில் காட்டை மீட்கும் ‘ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளைக்காரர்களைக் கேட்டால் எது இந்த மலைக்குரிய மரம், எது வெளியிலிருந்து வந்தது என்று சரியாகச் சொல்வார்கள். அவர்கள் நடத்தும் மருதம் பண்ணைப் பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. கேட்காமல் இணையத்தில் கிடைத்த மேப்பிள் இலையை வரைந்துவிடாதே.

எழுத்துக்கு வருவோம். உன் வரைபடத்தில் பெரியப்பாவுக்குக் கவலை தந்தது இந்த இடம்தான்.

பலகைத் தொழிலில் உலகம் முழுக்கப் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. 100 அடியிலிருந்து படிக்க வேண்டுமானால் 10 அங்குலம். ஆனால் அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழுக்கு அதில் பாதியைச் சேர்த்துப் போட வேண்டும் என்பது பெரியப்பாவின் தீர்மானம். ஏன் என்பதற்கு நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள். ‘திருவண்ணாமலை’ என்று எழுதும்போது நடுவில் இரண்டு மூன்று சுழி ‘ண’ அடுத்தடுத்து வருகிறது. கோட்டைத் தடிப்பாக்கினால் சுழிகளின் உள்ளே இருக்கும் இடைவெளி அடைந்து, தூரத்திலிருந்து பார்க்கையில் இரண்டும் கறுப்புத் திட்டாகிவிடும். முதல் ‘ண்’ மேலே இருக்கும் புள்ளி சிறிதாக இருந்தால் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து அது இல்லாமலே போய்விடும். ‘தி’யின் விசிறி மேலே ஏறும், ‘ரு’வின் வால் கீழே இறங்கும், பலகையின் மேல் கீழ் விளிம்பில் இடம் விடாவிட்டால் எழுத்துக்கு மூச்சு முட்டும். கம்ப்யூட்டர் திரையில் இதெல்லாம் அழகாகத்தான் தெரியும். அதனால் ‘ண்ணா’ என்ற இரண்டு எழுத்தை மட்டும் முழு அளவில் தாள்களை ஒட்டிச் செய்து, சுவரில் மாட்டி, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எதிர்ச் சாரியில் நின்று பார். சுழி மூன்றும் எண்ண முடிந்தால் அளவு சரி.

இன்னொன்று. அந்தப் பெயரில் உள்ள ‘ணா’, ‘லை’ இரண்டுமே 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணையால் வடிவம் மாறியவை. அதற்கு முன் எழுதிய பலகையில் ‘லை’க்குத் துதிக்கை இருக்கும், ‘ணா’ சுருண்டிருக்கும். பள்ளியில் அப்படி ஒரு பழைய பலகை கிடைத்தால் தூக்கிப் போடாமல் உள்ளே தாழ்வாரத்தில் மாட்டச் சொல். பிள்ளைகள் கேட்பார்கள், தமிழாசிரியர் சொல்வார்.

எழுத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தாதே. ‘தொ’ என்பதில் கொம்பு தனியாக, த தனியாக, கால் தனியாக இறங்கி வரும் பலகைகளை நீயே பார்த்திருப்பாய். பாமினியில் அடித்ததைக் கோரல்டிராவில் வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போதும் கொம்பு இடம் மாறும், ஒற்று காணாமல் போகும். இரண்டடி உயரத்தில் ‘மேல்நிலை பள்ளி’ என்று ‘ப்’ இல்லாமல் நின்றால், தேர்வுத் தாளில் அதே பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் தினமும் அதன் கீழேதான் நுழைய வேண்டும். எழுத்துகளை வெட்டக் கொடுப்பதற்கு முன் தமிழாசிரியரிடம் கையெழுத்து வாங்கு. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எவ்வளவு இடம் என்ற சந்தேகம் வந்தால், கடைப் பலகைகளுக்குத் தமிழக அரசு விதித்த 5:3:2 விகிதத்தை வழிகாட்டியாக வைத்துக்கொள்: தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு.

நிறத்தில் சிவப்பையும் பச்சையையும் ஒன்றன்மேல் ஒன்று போடாதே. பையன்களில் சிலருக்கு அந்த இரண்டும் பிரிந்து தெரியாது. அவர்களுக்கே அது தெரிந்திருக்காது. பார்வையில்லாத பிள்ளைக்கு அறை வாசலில் கையெட்டும் உயரத்தில் தமிழ் பிரெய்ல் தகடு வை. 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகு பள்ளிக் கட்டடம் அவர்களும் தடையின்றிப் புழங்கத் தக்கதாக இருக்க வேண்டும். பள்ளி நிர்வாகம் கேட்கவில்லை என்றாலும் நீ எடுத்துச் சொல்.

இப்போது சொல்லப் போவதை நிதானமாகப் படி, அம்மா.

2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கட்டடம் எரிந்து 94 பிள்ளைகள் செத்துப்போனார்கள். சமையல் கூரையில் பிடித்த தீ வகுப்பறையின் கீற்றுக் கொட்டகைக்குத் தாவியது. வெளியேற இருந்தது குறுகலான படி. பலகை வைத்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கூரையும் படியும் கட்டடத்தின் குற்றம். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிச் சுவரில் எழுதுகிறவர் யாரும், வெளியேறும் வழியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது. உன் எஸ்டிமேட்டில் 14 வரிகள் இருக்கின்றன. அதில் ‘வெளியே’ என்ற பலகை ஒன்றுகூட இல்லை.

பச்சை வண்ணத்தில் கதவை நோக்கி ஓடும் மனிதன் படத்தை ஆஸ்பத்திரியிலும் சினிமாத் தியேட்டரிலும் பார்த்திருப்பாய். ஜப்பானில் 1972இல் ஒசாகாவிலும் 1973இல் குமமோட்டோவிலும் பல்பொருள் அங்காடிகள் எரிந்து ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேல் உயிர் போன பிறகு, வழி காட்டும் படத்துக்கு அங்கே போட்டி வைத்தார்கள். யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளரின் படம் அதிலிருந்து செம்மைப்பட்டு வந்தது. 1987இல் உலகத் தர நிர்ணய அமைப்பு அதை ஏற்றது. எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் என்பதே அதன் பலம். ஒவ்வொரு மாடியிலும், ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு படி இறங்கும் இடத்திலும் அதை வை. மின்சாரம் போனாலும் தெரியும்படி இருட்டில் ஒளிரும் தகடாக வாங்கு. புகை மேலே தேங்கும் என்பதால், மேலே ஒன்று வைத்தால் முழங்கால் உயரத்தில் சுவரோரம் அம்புக்குறிகளும் போடு. மைதானத்தில் எந்த வகுப்பு எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைத் தரையில் எழுது. அந்த எழுத்து இல்லாமல் தீயணைப்புப் பயிற்சியும் நடத்த முடியாது.

அதே கண்ணோட்டத்தில்தான் பொருளையும் தேர்வு செய்ய வேண்டும். ஏசிபி என்பது இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்தது. லண்டனில் கிரென்ஃபெல் டவர் 2017 ஜூன் 14ஆம் தேதி எரிந்தபோது தீயை மாடிக்கு மாடி ஏற்றிச் சென்றது நடுவில் பாலித்தீன் வைத்த அந்த வகைத் தகடுதான். 72 பேர் இறந்தார்கள். சின்னப் பெயர்ப் பலகைக்கு ஏசிபி வைப்பதில் பெரிய ஆபத்து இல்லை. முகப்பு முழுவதையும் மூடுவது, மாடிப்படிச் சுவரில் ஒட்டுவது இரண்டும் வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்று கேட்டால் தீ எதிர்ப்புத் தரம் என்று சான்று உள்ளதைத்தான் வாங்க வேண்டும். விலை கூடும், அதை நிர்வாகத்திடம் சொல். ஃப்ளெக்ஸ் நம் வெயிலுக்கு இரண்டு மூன்று கோடையில் வெளிறிக் கிழியும். கிழிந்ததைப் பள்ளிக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துவார்கள், அந்தப் புகை பிள்ளைகளுக்குத்தான்.

முகப்புப் பெயரை நீ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் 20 அடிக்கு 4 அடிப் பலகையாகக் காட்டியிருக்கிறாய். காற்றுக் கணக்கைப் போட்டுப் பார். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 875 தரும் சூத்திரம் எளியது: காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ. உன் பலகை ஏழரைச் சதுர மீட்டர். ஆக, சுமார் 350 கிலோ அதைப் பின்னால் தள்ளும். காற்று இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நாலரை அங்குலச் செங்கல் கைப்பிடிச் சுவரில் போல்ட் அடித்து அதைத் தாங்க வைக்க முடியாது. பலகையோடு சுவரும் சேர்ந்து வரும். கீழே பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடம் அது.

2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவில் கட்டிய பேனர் ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம் பொறியாளர் நிலைதடுமாறி விழுந்து லாரியில் சிக்கி இறந்தார். மும்பை காட்கோபரில் 2024 மே 13ஆம் தேதி அடித்த காற்றில் 120 அடிக்கு 120 அடி விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். இவற்றைத் தூக்கி நிறுத்தியவர்களும் நம் தொழில்காரர்கள்தான். உன் பலகையைக் கைப்பிடிச் சுவரிலிருந்து இறக்கி, முதல் மாடி கான்கிரீட் பீமில் தனித்தனி எழுத்தாகப் பொருத்து. எழுத்துக்கு நடுவில் காற்று போய்விடும், பின்னால் சுவர் இருக்கும். ஆங்கர் போல்ட் எத்தனை, எந்தக் கனம் என்பதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் எழுதிக் கொடுக்கட்டும். இரும்புச் சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு அடிக்காமல் மேல் பெயிண்டைத் தொடாதே. பொருத்தி முடித்ததும் வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்துக்கு முன், போல்ட்டுகளை முடுக்கிப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கொடு.

சரி, பெயிண்ட். மதிலுக்கும் வகுப்பறைக்கும் கையால் அடிக்கும் பெயிண்டுதான் நல்லது என்று பெரியப்பா நினைக்கிறார். உரிந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுக்கொள்ளலாம், ஊரில் ஆள் கிடைப்பார். ஆனால் டப்பாவைப் பார்த்து வாங்கு. ஈயம் கலந்த மஞ்சளும் சிவப்பும் ஒரு காலத்தில் எனாமலில் சகஜம். இந்தியாவில் 2017 நவம்பர் முதல் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது; டப்பாவில் அது அச்சாகியிருக்க வேண்டும். பேர் தெரியாத மலிவு எனாமலை வாங்காதே. பழைய ஜன்னல் கம்பியிலும் கதவிலும் இருக்கும் பெயிண்டை உலர்வாகச் சுரண்டவும் கூடாது. அந்தத் தூசியில் ஈயம் இருக்கலாம். பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு எதுவும் கிடையாது, சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். தண்ணீர் தெளித்து ஈர எமரித் தாளால் தேய்த்து, துணி விரித்துச் சேகரித்து அப்புறப்படுத்து. பிள்ளைகள் இல்லாத விடுமுறையில் செய்.

நிறம் நிற்க வேண்டும் என்றால் போளூர் பக்கத்தில் திருமலைக்கு ஒரு நடை போய் வா. நம் மாவட்டம்தான். சமணக் கோயிலும் குகையும், பாறையில் செதுக்கிய பிரம்மாண்டமான நேமிநாதரும் இருக்கிற இடம். சுவரிலும் விதானத்திலும் நூற்றாண்டுகளுக்கு முன் தீட்டியது இன்னும் மிச்சமிருக்கிறது. வெயில் படாத இடம் என்பது ஒரு காரணம். மண் நிறங்களும் காரணம். காவி மாதிரி இரும்பு ஆக்சைடு நிறம் வெயிலில் போகாது. கண்ணைப் பறிக்கும் ரோஸும் எலுமிச்சை மஞ்சளும்தான் முதலில் போகும். மேற்கு மதிலில் காவி, கறுப்பு, வெள்ளை, நீலம் இவற்றை வைத்தே படத்தை நிறுத்து. பளபளப்பு நிறங்களை நிழல் விழும் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்.

நேரம் பார்ப்பதும் தொழிலில் சேர்ந்தது. புதுப் பூச்சாக இருந்தால் 28 நாள் காயவிடு. பாலித்தீன் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப் போட்டு இரவு முழுக்க ஒட்டிவைத்து, காலையில் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவர் இன்னும் தயாரில்லை. கிழக்குச் சுவரை மத்தியானத்துக்கு மேல் அடி, மேற்குச் சுவரைக் காலையில் அடி. சுடும் சுவரில் எமல்ஷன் பிரஷ்ஷோடு இழுபடும், பிறகு செதில் செதிலாகக் கழலும். கோடை விடுமுறையில் வெளிவேலையை முடித்துவிடு. ஐப்பசிக்கு மேல் மழை. கார்த்திகை தீபத்துக்கு ஊரில் லாரியும் வராது, ஆளும் கிடைக்காது. பௌர்ணமி இரவுகளில் சாலையோரம் சாரம் நிற்கவே கூடாது; கிரிவலம் நடக்கிற கூட்டம் சவுக்குக் கம்பத்தில் இடிக்கும்.

பாடம் சொல்லும் சுவர்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். இதில் இந்தியாவுக்குச் சொந்த அனுபவம் நிறைய உண்டு. கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பாயியும் அவருடைய ‘வின்யாஸ்’ அமைப்பும் ராஜஸ்தான் கிராமப் பள்ளிகளில் தொடங்கி, யுனிசெஃப் துணையோடு வளர்த்த ‘பாலா’ முறையில் கட்டடமே பாடப்புத்தகம். கதவு திறக்கும் வளைவில் தரையில் பாகைகளை வரைந்தால் பிள்ளை கதவைத் தள்ளித் தள்ளிக் கோணம் கற்கும். ஜன்னல் கம்பியை எழுத்தின் வளைவாக அமைத்தால் விரலால் தடவி எழுதப் பழகும். மின்விசிறி இறக்கையில் நிறங்களைப் பூசினால் சுற்றும்போது நிறங்கள் கலப்பது தெரியும். தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றிக் கரும்பலகை நிறம் பூசி, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத இடம் கொடுத்தார்கள். தரையில் உட்கார்ந்தபடியே எழுதலாம். தமிழ்நாட்டுப் பள்ளிச் சுவரில் நடந்த மிக நல்ல காரியம் அதுதான் என்று பெரியப்பா சொல்வார். அதில் ஓவியமே இல்லை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. நீ அனுப்பிய படத்தில் உயிரெழுத்து வரிசை ஏழடி உயரத்தில் ஆரம்பிக்கிறது. அதை இறக்கு. தொட்டுப் பார்க்க முடியாத ‘அ’னாவால் அந்த வயதில் பயனில்லை. நின்றால் தோள் உயரம், உட்கார்ந்தால் கண் உயரம், இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பட்டையில்தான் சின்ன வகுப்புக்கு எல்லாம் நடக்க வேண்டும். அங்கே துடைத்தால் போகாத நல்ல எமல்ஷன் போடு, கை படும். மேலே இருக்கும் சுவரைப் பெரும்பாலும் வெறுமையாக விடு. ஒவ்வொரு அங்குலத்திலும் படம் இருந்தால் பிள்ளை கரும்பலகையைப் பார்க்காது.

பெரிய மதில் ஓவியத்துக்குச் சென்னைக் கண்ணகி நகரைப் பார்த்து வா. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை அங்கே குடியிருப்புச் சுவர்களில் ஆளுயரத்துக்குப் பல மடங்கு முகங்களைத் தீட்டியது. இடம்பெயர்க்கப்பட்டவர்கள் வாழும் பகுதியில், அங்கே இருப்பவர்களைப் போன்ற முகங்களையே அத்தனை பெரிதாக வைத்தது சரியான தேர்வு. உன் மதிலிலும் வெளிநாட்டுக் கார்ட்டூன் எலி வேண்டாம். பூச்சந்தைக் கூடை, ஜவ்வாது மலைச் சாமை, ஆரணிப் பட்டுத் தறி, மலையின் வெளிக்கோடு என்று இந்த மாவட்டத்துப் பிள்ளைக்குத் தெரிந்ததைப் போடு. படத்தில் யார் முன்னால் நடக்கிறார்கள் என்பதையும் பார். பிரிட்டனில் 1960களில் சாலைப் பலகைகளை மாற்றியபோது, பள்ளிக்கூடக் குறியில் பையன் சிறுமியை அழைத்துப் போவதாக இருந்த பழைய படத்தை மார்கரெட் கால்வெர்ட் திருப்பிப் போட்டார். சிறுமி கையைப் பிடித்துப் பையன் வருகிறான். நீ வரையும் பத்து உருவத்தில் டாக்டரும் பைலட்டும் பையனாகவே இருந்தால் நாமே பாதிப் பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறோம்.

கட்டம் போட்டுப் பெரிதாக்குவது உனக்குத் தெரியும். நூல் அடித்து, ரசமட்டம் வைத்து, தூக்குக் குண்டு விட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பழைய கட்டடத்தில் ஜன்னல் மேல் கோட்டை நம்பி எழுத்தை வரிசைப்படுத்தினால் சாய்ந்துவிடும். நம் பக்கத்தில் சினிமா பேனரும் கட்சிச் சுவரும் எழுதிப் பிழைத்த கைகள் ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலையில்லாமல் இருக்கின்றன. அவர்களில் ஒருவரைக் கூலிக்கு அல்ல, பங்காளியாகச் சேர்த்துக்கொள். 20 அடிக் கோட்டை ஒரே இழுப்பில் இழுப்பதை எந்த மிஷினும் உனக்குக் கற்றுத் தராது.

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் திங்கட்கிழமை காலை மணியடிக்கும் நேரத்தில் பள்ளி வாசலில் போய் நில், அம்மா. பிள்ளைகள் எங்கே தேங்குகிறார்கள், எங்கே ஓடுகிறார்கள், புதிதாக வந்த பெற்றோர் யாரிடம் வழி கேட்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள். பிறகு எஸ்டிமேட்டைத் திருத்து. முதல் வரியில் வெளியேறும் வழிப் பலகைகள், இரண்டாவதாகத் தண்ணீரும் கழிப்பறையும், மூன்றாவதாக முகப்புப் பெயர், அதன்பின் வகுப்பறைச் சுவர்கள், கடைசியில் மதில் ஓவியம். மூன்று வருஷம் கழித்துச் சரிபார்த்து மறுபடி பூசுவதற்கு ஒரு தொகையையும் தனி வரியாக எழுது. பணம் போதாது என்று நிர்வாகம் சொன்னால் கீழிருந்து மேலாகக் குறைத்துக்கொண்டு வா. முதல் இரண்டு வரியில் கை வைக்க ஒப்புக்கொள்ளாதே. திருத்திய எஸ்டிமேட்டை இந்த வாரக் கடைசிக்குள் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா